மழைக்காலத்துத் துணி நாற்றம்: சாம்பிராணி போடும் முன் செய்ய வேண்டியவை

சென்ற ஐப்பசியில் வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீட்டுக்குக் குடிவந்தோம். மூட்டைகளைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது வாரம் ஊரிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். முகம் கழுவிவிட்டு, துவைத்து மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து ஒற்றியவர், ஒன்றும் சொல்லாமல் அதைக் கொடியில் போட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அன்று தொடங்கிய போராட்டம் தை பிறக்கும் வரை நீண்டது. துண்டு, போர்வை, குழந்தையின் மெத்தை, சோபா, பீரோவில் இருந்த பட்டுச் சேலை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நாறியது. நான் முதலில் செய்ததெல்லாம் தவறு. மணமூட்டும் திரவம் வாங்கி ஊற்றினேன், அறைக்கு வாசனை அடித்தேன், சாம்பிராணி போட்டேன். கிடைத்தது மல்லிகை மணக்கும் பூஞ்சணம். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்த பிறகுதான், வாடையின் மேல் இன்னொரு வாடையைப் போர்த்துவதில் பயனில்லை என்று உறைத்தது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். கீழே இருப்பதை வரிசையாகச் செய்யுங்கள், வரிசை முக்கியம்.

1. எந்த வாடை என்று முதலில் மூக்கால் முடிவு செய்யுங்கள்

துணியைக் கையில் எடுத்ததும் சோப்புத்தூளைத் தேடாதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். வெயிலில் காய்ந்த துணியை முகர்வதைவிட, ஒரு மூலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு முகர்வது நல்லது. ஒளிந்திருக்கும் வாடை ஈரம் பட்டதும் வெளியே வந்துவிடும்.

மூக்கு சொல்லும் பெயர்கள் நம் மொழியிலேயே இருக்கின்றன: ஈர வாடை, மூத்திர வாடை, எண்ணெய்ச் சிக்கு, கவுச்சி, புளித்த வியர்வை. இவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. புளித்த வியர்வை, கெட்டுப்போன பால், வாந்தி ஆகியவற்றின் வாடைக்குக் காரணம் அமிலங்கள். அவற்றை அடக்கக் காரத்தன்மை உள்ள சமையல் சோடா போதும். மீன் கவுச்சி, மூக்கைத் துளைக்கும் பழைய மூத்திர நெடி ஆகியவை காரத்தன்மை கொண்ட வாயுக்களால் வருபவை. அவற்றுக்கு வினிகர் அல்லது எலுமிச்சை. மீனைக் கழுவும்போது புளியோ எலுமிச்சையோ சேர்க்கிறோமே, அதே கணக்குதான்.

இரண்டையும் ஒரே வாளியில் கொட்டினால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று நானும் நம்பினேன். பொங்கிவரும் நுரையைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, வாளியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள், நடுவில் ஒருமுறை அலசுங்கள்.

2. லேபிள், பில், புகைப்படம்

துணி நாற்றத்துக்கு ஆவணமா என்று சிரிக்க வேண்டாம். நான் பணத்தை இழந்தது இங்கேதான்.

துணியின் உள்தையலில் இருக்கும் சிறு லேபிளைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிப் படம் துவைப்பதற்கு, முக்கோணம் பிளீச்சுக்கு, வட்டம் டிரை கிளீனிங்குக்கு. எதன் மேல் பெருக்கல் குறி இருக்கிறதோ அது கூடாது. தொட்டிக்குள் ஒரு கை வரைந்திருந்தால் கையால் மட்டும் துவைக்க வேண்டும். சோபா உறையில் எழுத்துகள் இருக்கலாம்: ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் படலாம், ‘எஸ்’ என்றால் தண்ணீர் கூடாது, ‘எக்ஸ்’ என்றால் தூசி உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மெத்தைக்கும் சோபாவுக்கும் உத்தரவாத அட்டை இருந்தால் தேடி எடுத்து, கறை, ஈரம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். கறை பட்ட மெத்தைக்கு உத்தரவாதம் செல்லாது என்று பல அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கும்.

சலவைக் கடைக்குக் கொடுக்கும் முன் துணியை விரித்து, முந்தானை, பார்டர், ஏற்கெனவே உள்ள கறை எல்லாம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் ‘சேலை 1’ என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள். நிறம், பட்டு, ஜரிகை, ‘ஈர வாடை நீக்க வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். நான் எழுதி வாங்கவில்லை. சேலை திரும்பி வந்தபோது பார்டரில் நீர்த்தடம் இருந்தது. “கொடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது, சார்” என்றார்கள். என்னிடம் படமும் இல்லை, ரசீதில் விவரமும் இல்லை. பேச்சு அதோடு முடிந்தது.

3. வாங்க வேண்டியவையும் வேண்டாதவையும்

இது நான் கொடுத்த விலை. உங்கள் பகுதியில் முன்பின் இருக்கும். மளிகைக் கடையில் வெள்ளை வினிகர் ஒரு பாட்டில் ஐம்பது ரூபாய்க்குள். சமையல் சோடா கால் கிலோ நாற்பது ரூபாய். சலவை சோடா அதைவிட மலிவு. ஆக்ஸிஜன் பிளீச் தூள், அதாவது கறை நீக்கி என்ற பெயரில் டப்பாவில் வருவது, நூறு முதல் இருநூறு வரை. செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் தெளிப்பான், அதாவது கறையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம், சற்று விலை அதிகம், முந்நூற்றைம்பது கொடுத்தேன். மெத்தையில் மூத்திர வாடை இல்லையென்றால் அது தேவையில்லை.

சமையல் சோடாவும் சலவை சோடாவும் ஒன்றல்ல. பின்னது கடுமையான காரம். பட்டு, கம்பளி இரண்டையும் அரித்துவிடும். வெறுங்கையோடு தொட்டால் தோல் எரியும். டப்பாக்களில் பெயர் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் ஆப்ப மாவில் எது விழுந்திருக்கும் என்று ஒரு நாள் காலை நடுங்கிப்போனோம்.

உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை ஒன்று. குளோரின் பிளீச்சையோ பிளீச்சிங் பவுடரையோ வினிகரோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூத்திரம் ஊறிய துணியின் மேல் பிளீச்சை ஊற்றுவதும் அதே அளவு தவறு. அம்மோனியாவோடு சேர்ந்து நுரையீரலை எரிக்கும் வேறொரு வாயு வரும். கதவை மூடிய குளியலறையில் இந்தச் சோதனையைச் செய்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

மணமூட்டும் திரவத்தைத் துண்டுகளுக்கு ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். அது நூலின் மேல் மெழுகுபோல் படிந்து, துண்டு தண்ணீரை உறிஞ்சும் சக்தியைக் குறைக்கிறது. அந்தப் படலத்துக்குள் அழுக்கும் தங்கிவிடுகிறது.

4. ஈர வாடை: துண்டு, போர்வை, படுக்கை விரிப்பு

மழைக்காலத்தின் பெரும் தொல்லை இதுதான். துவைத்து மடித்தபோது நன்றாக இருந்த துண்டு, குளித்துவிட்டுத் துடைத்ததும் நாறும். ஏன்? துணி மெதுவாகக் காயும்போது அதில் மிஞ்சிய வியர்வைக் கொழுப்பைத் தின்று பாக்டீரியா பெருகுகிறது. இந்த வாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். காய்ந்த துணியிலும் உயிரோடு காத்திருக்கும் ஜாதி அது. ஆகையால் வழக்கமாகத் துவைப்பதைப்போல இன்னொரு முறை துவைப்பதால் பயன் இல்லை. நான் ஒரே துண்டை நான்கு முறை துவைத்துப் பார்த்தவன்.

வெள்ளை அல்லது சாயம் போகாத பருத்தித் துணிக்கு வெந்நீர்தான் மருந்து. 60 டிகிரி வரை சூடேறிய தண்ணீரில், அதாவது கையை வைத்தால் உடனே இழுத்துக்கொள்ளும் சூட்டில், டப்பாவில் சொல்லியுள்ள அளவு ஆக்ஸிஜன் பிளீச் தூளைக் கரைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். இந்தத் தூள் வெந்நீரில்தான் முழுதாக வேலை செய்யும். குளிர்ந்த நீரில் போட்டுவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று திட்டுவதில் அர்த்தமில்லை. ஊறிய பிறகு வழக்கம்போல் துவைத்து, கடைசி அலசலை இரண்டு முறை செய்யுங்கள்.

வெந்நீர் தாங்காத வண்ணத் துணி என்றால், முதலில் மூலையில் சாயம் போகிறதா என்று சோதித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு டம்ளர் வினிகர் கலந்து அரை மணி ஊறவைத்துப் பிறகு துவைக்கலாம். வினிகரை வாளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் மெஷினில் ஊற்றினால் அதன் ரப்பர் பாகங்கள் கெட்டுப்போகும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகத் துணியில் படிகின்றன. துண்டு அட்டைபோல் விறைத்து நிற்பதும் அதனால்தான். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் தெருத் தண்ணீர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது என்பதைக் குழாய் வாயில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கே சொல்கிறது. சோப்புக் கட்டியைவிட சலவைத்தூள் இந்தத் தண்ணீருக்குப் பரவாயில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் லாரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். மழையைத் திட்டிக்கொண்டே இரண்டு வாளி பிடித்து வைத்தேன்.

இனி காயவைப்பது. உண்மையில் வெற்றி தோல்வி இங்கேதான். ஒரே நாளில் வீட்டுத் துணி முழுவதையும் துவைக்காதீர்கள். கார்த்திகை மாதத்தில் இரண்டு படுக்கை விரிப்பு என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். காலை எட்டு மணிக்குள் துவைத்து முடித்தால் பத்து முதல் மூன்று வரை உள்ள வெளிச்சம் கிடைக்கும். நான்கு மணிக்கு மேல் கொடியில் கிடக்கும் துணி காய்வதை நிறுத்திவிட்டு, காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்க ஆரம்பிக்கும். வீட்டுக்குள் காயவைக்க நேர்ந்தால் துணிக்கும் துணிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, மின்விசிறியை நேராகத் திருப்பிவிடுங்கள். ஏசி இருந்தால் அதில் ‘டிரை’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மழைக்காலத்தில் அதற்குத்தான் பிறந்தது போலிருக்கிறது அந்தப் பொத்தான். அரைகுறையாகக் காய்ந்ததை இஸ்திரிப் பெட்டியால் முடித்துவிட்டு, சூடு ஆறிய பிறகு மடியுங்கள். சூட்டோடு மடித்து அடுக்கினால் உள்ளே வேர்த்துவிடும்.

5. வாஷிங் மெஷினைச் சந்தேகப்படுங்கள்

எல்லாத் துணியும் ஒரே மாதிரி நாறினால் குற்றவாளி துணி இல்லை. முன்பக்கம் கதவு உள்ள மெஷின் என்றால், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பை விரலால் விலக்கிப் பாருங்கள். நான் விலக்கியபோது கறுப்பு வழுவழுப்பும் ஒரு பிள்ளைக் காலுறையும் கிடைத்தன. ரப்பரைத் துடைத்து, கீழே உள்ள வடிகட்டியைக் கழற்றிக் கழுவி (முன்னால் ஒரு தட்டு வையுங்கள், தண்ணீர் கொட்டும்), சோப்பு போடும் இழுப்பறையையும் வெளியே எடுத்துத் தேயுங்கள். பிறகு துணி இல்லாமல் அதிகபட்ச சூட்டில் ஒருமுறை ஓடவிடுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். துவைத்து முடிந்ததும் துணியை உடனே எடுத்துவிட்டு, கதவைத் திறந்தே வையுங்கள். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் கதவைத் திறந்து வைப்பது ஆபத்து. அங்கே ரப்பரைத் துடைத்து உலர்த்தியபின் மூடலாம்.

6. மெத்தையில் மூத்திரம்

எங்கள் பையனுக்கு அப்போது மூன்று வயது. மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

நனைந்த உடனே பார்த்துவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. காய்ந்த பருத்தித் துணியை வைத்து, உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்துங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் உள்ளே இறங்கும். துணி நனைய நனைய மாற்றுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரைச் சற்றே தெளித்து மறுபடியும் ஒற்றியெடுங்கள். வெந்நீர் வேண்டாம். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்து, பத்து நிமிடம் விட்டு ஒற்றியெடுத்தபின், சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சலாம், இல்லையென்றால் பிரஷ்ஷால் கூட்டித் தட்டலாம்.

பழைய வாடை வேறு கதை. மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் படிகமாகித் தங்கிவிடும். தண்ணீரில் எளிதில் கரையாது. வெயில் காலத்தில் வாய்மூடிக் கிடக்கும் மெத்தை, அடைமழை வந்ததும் நாறுவது இதனால்தான். இதற்கு என்சைம் தெளிப்பான் தேவை. நான் செய்த தவறு, முதல் நாள் சலவைத்தூள் கரைசலால் தேய்த்துவிட்டு மறுநாள் என்சைமைத் தெளித்தது. சலவைத்தூளோ பிளீச்சோ தங்கிய இடத்தில் என்சைம் வேலை செய்யாது. எதுவும் போடாத இடத்தில், கறையின் எல்லையைத் தாண்டி நாலு விரல் அளவுக்குத் தெளித்து, ஈரத்துணியால் மூடி எட்டு மணி நேரமாவது ஈரமாகவே வைத்திருங்கள். மேலாகத் தெளித்து அரை மணியில் காயவிட்டால் காசு வீண். எல்லை எது என்று தெரியவில்லையா? புற ஊதா டார்ச் என்று நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். மூத்திரத் தடம் மஞ்சளாக ஒளிரும். ஒருமுறை பார்த்தால் அந்த மெத்தையில் படுக்க மனம் வராது என்பது மட்டும்தான் இதில் உள்ள குறை.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கை கொடுக்கும். பாட்டிலில் ஆறு சதவீதம் என்று இருந்தால் அதே அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை மெத்தைக்கு மட்டும், நிறத்தை வெளுத்துவிடும். வினிகர் தெளித்த அதே நேரத்தில் இதைத் தெளிக்காதீர்கள், கலந்ததைப் பாட்டிலில் மூடி வைக்காதீர்கள்.

காயவைக்க மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, இருபுறமும் காற்றுப் படும்படி ஒரு நாள் முழுக்க மின்விசிறி ஓடட்டும். நுரை மெத்தையையும் லேடெக்ஸ் மெத்தையையும் மொட்டை மாடி வெயிலில் நாள் கணக்கில் போட்டுவிடாதீர்கள், பொடிந்து உதிரும். இலவம் பஞ்சு மெத்தைக்கு வெயில்தான் வைத்தியம், ஆனால் தண்ணீர் கூடாது. தையலைப் பிரித்துப் பஞ்சைத் தனியாக இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, உறையைத் துவைத்து, மறுபடி அடைத்துத் தைப்பார்கள். மெத்தை தைப்பவர் வீட்டுக்கே வந்து செய்துகொடுத்தார். மழைக்காலத்தில் அவரைத் தேடிப் பயனில்லை. பங்குனிக்குச் சொல்லி வையுங்கள். பஞ்சைப் பிரித்துப்போட்ட இடத்தில் பீடி, ஊதுவத்தி எதுவும் அருகில் வரக் கூடாது, நொடியில் பற்றிக்கொள்ளும்.

கடைசியில் அறுநூறு ரூபாய்க்குத் தண்ணீர் புகாத மெத்தை உறை ஒன்று வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது.

7. எண்ணெய்ச் சிக்கும் வியர்வையும்

தலையணை உறை, அடுப்படிக் கைத்துணி, தோசைக்கல் பிடிக்கும் துணி. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நூலில் தங்கி, நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். பருத்தி என்றால் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து, துணியைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில்தான் செய்ய வேண்டும். அலுமினியப் பாத்திரத்தைச் சலவை சோடா அரித்துவிடும். என் அம்மாவின் பழைய குண்டான் கறுத்துப்போனதற்கு நானே சாட்சி.

விளையாட்டுச் சட்டை, பாலியஸ்டர் திரை போன்றவை கொதிநீரைத் தாங்காது. பாலியஸ்டருக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய் பிடிக்கும். அதனால்தான் பருத்தி பனியனைவிட அந்தச் சட்டை சீக்கிரம் நாறுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரைக் கப் சமையல் சோடா கலந்து, சட்டையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒரு மணி ஊறவைத்துத் துவைத்தால் போய்விடும். வியர்வைச் சட்டையைக் கூடையில் அமுக்கி வைக்காதீர்கள். கொடியில் போட்டுக் காயவிட்டுப் பிறகு கூடையில் போடலாம்.

8. பட்டுச் சேலை, கம்பளி, அந்துருண்டை

பட்டில் வினிகர், சோடா, பிளீச், வெயில் எதையும் முயற்சி செய்யாதீர்கள். ஈர வாடை மட்டும் என்றால், மின்விசிறிக்குக் கீழே பருத்தி வேட்டியை விரித்து அதன் மேல் சேலையைப் பரப்பி, இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். பத்தில் எட்டுக்கு இதுவே போதும். வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சணம் பூத்திருந்தால் வாசலில் வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பட்டுக்குப் பழகிய கடைக்குக் கொடுங்கள். எனக்குச் சேலைக்கு முந்நூறு ரூபாய், பத்து நாள் ஆனது. தீபாவளிக்கும் தை முகூர்த்தங்களுக்கும் முந்தைய வாரங்களில் கொடுத்தால் தேதி தள்ளிப்போகும். வாங்கி வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள். கரைப்பான் நெடி காற்றோட்டத்தில் ஒரு நாள் போகட்டும், அதற்குப் பிறகு பீரோவில் வைக்கலாம்.

அந்துருண்டை வாடை போக வேண்டுமா? அது திடநிலையிலிருந்து நேராக ஆவியாகும் பொருள், தண்ணீரில் கரையாது. ஆகவே துவைப்பதைவிடக் காற்றும் இளஞ்சூடும்தான் அதைத் துரத்தும். பருத்தியை வெயிலில் போடுங்கள், பட்டை நிழல் காற்றில் விடுங்கள். ஒரு வாரம் பிடிக்கும்.

பச்சிளங்குழந்தைக்குத் தொட்டில் கட்டப் பாட்டியின் பழைய சேலையைப் பெட்டியிலிருந்து எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்துருண்டையோடு கிடந்த சேலை என்றால் வேண்டாம். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆவி பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். கற்பூரமும் அப்படித்தான். குழந்தையின் துணி இருக்கும் தட்டில் இரண்டையும் வைக்காதீர்கள். வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை என்று பழைய முறைகள் இருக்கின்றன. இலை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பச்சையாக வைத்து நானே பீரோவுக்குள் ஈரத்தை விருந்துக்கு அழைத்தேன்.

9. சோபாவும் திரைச்சீலையும்

திரைச்சீலையைக் கழற்றித் துவைப்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை; கொக்கிகளை எண்ணி ஒரு பையில் போட்டு வையுங்கள், அவ்வளவுதான்.

சோபாவுக்கு லேபிள் அனுமதித்தால், சமையல் சோடாவை உலர்வாகத் தூவி, ஓர் இரவு விட்டு உறிஞ்சியெடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வீட்டுக்கு வந்து சுத்தம் செய்பவர்களைக் கூப்பிடலாம். மூன்று இருக்கை சோபாவுக்கு என்னிடம் ஆயிரத்து இருநூறு வாங்கினார்கள். கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல, ‘எத்தனை மணி நேரத்தில் காயும்?’ என்பதுதான். என் வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் அடைமழை நாளில் தாராளமாகத் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டுப் போனார்கள். நான்கு நாள் காயவில்லை. முன்பு இல்லாத வாடை புதிதாகச் சேர்ந்தது. நனைந்த பஞ்சும் நுரையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். எனவே இந்த வேலையை மாசிக்கு ஒத்திப்போடுங்கள்.

10. சுவரைப் பாருங்கள்

எல்லாம் செய்தும் பீரோவில் வைத்த துணி மறுபடி நாறினால், பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தொடுங்கள். எங்கள் வீட்டில் சுவர் சில்லென்று ஈரமாக இருந்தது. சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்திருந்தது. இரண்டு மாதம் துணியைக் குறை சொல்லியிருக்கிறேன்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்தால் சுவரில் கசிவு. வெளிப்பக்கம் வேர்த்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. பின்னதற்குப் பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிவைத்து, ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை அடித்தட்டில் வைத்தால் போதும். டப்பாவில் சேரும் தண்ணீர் துணியில் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால்சியம் குளோரைடு கரைசல் அது, காயவே காயாது.

சுவர்க் கசிவு என்றால் வீட்டு உரிமையாளரிடம் வாயால் சொல்லிவிட்டு விடாதீர்கள். தேதி தெரியும்படி படம் எடுத்து, வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் அனுப்புங்கள். வாடகை ஒப்பந்தத்தில் பழுது பற்றிய பத்தியையும் எடுத்துப் படியுங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், கட்டடத்தின் கட்டமைப்புப் பழுதைச் சரிசெய்வது உரிமையாளர் பொறுப்பு. காலி செய்யும்போது சுவர் உதிர்ந்ததற்கு உங்கள் முன்பணத்தில் கைவைக்காமல் இருக்கவும் இந்தப் படங்கள் உதவும். எங்கள் உரிமையாளர் முதலில் “மழைக்காலம்னா அப்படித்தான் இருக்கும்” என்றார். பிளாஸ்டிக் தாள் வேர்த்த படத்தை அனுப்பிய பிறகு ஆள் அனுப்பினார்.

11. எதைத் தூக்கிப் போடுவது

வெள்ளத்தில் ஊறிய மெத்தை, தலையணை, பஞ்சு பொம்மை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதியில் வீட்டுக்குள் வந்தது வெறும் மழைத்தண்ணீர் இல்லை, சாக்கடையும் கலந்தது. அதில் ஊறிய பஞ்சை எந்த வினிகரும் மீட்காது. துவைக்கக்கூடிய துணியை மட்டும் கையுறை போட்டுத் தனியாகப் பிரித்து, வெந்நீரில் துவைத்து வைத்துக்கொள்ளுங்கள். நுரைக்குள் கறுப்புப் பூஞ்சணம் இறங்கியதும், கசக்கினால் தூளாக உதிர்வதும் இதே வரிசை. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இரண்டாம் யோசனை வேண்டாம்.

பையனின் பழைய மெத்தையைக் கடைசியில் போட்டுவிட்டோம். குப்பை வண்டிக்காரர் அதைத் தூக்கும் முன் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு, சார்?” என்றார்.